பெயர் தெரியாத புழு

தேடல் பெட்டி நம்மகிட்ட முதல்ல ஒரு முன்பணம் கேட்கும். தேடுற பொருளோட பெயரைக் கொடு, மற்றதை நான் தருகிறேன் என்கும். பெயர் தெரிந்தவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. தெரியாதவருக்கு, அதாவது தேட வேண்டிய அவசியம் நிஜமாகவே அதிகம் உள்ளவருக்கு, வாசலோடு சரி. "கூகுள்ல போட்டா வந்துரும்" என்று சொல்கிற யாரும் எதைப் போடுவது என்று சொல்வதில்லை.

யூடியூப்பில் உருப்படியான அறிவு இருக்கிறதா என்ற விவாதம் பழசாகிவிட்டது. இருக்கிறது. அதை மறுக்கிறவர்கள் சமீபத்தில் பம்புசெட் ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்க்காதவர்கள். எனக்கு உள்ள கேள்வி வேறு. வார்த்தை போட்டுத் தேடாமல், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் பார்த்துக் கற்றுக்கொள்வது என்கிற இந்தப் புதுப் பழக்கத்தில், எது நல்ல வீடியோ, எது கெட்ட வீடியோ? பார்வை எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. கேமராவின் தரத்தை வைத்தும் முடியாது. என்னிடம் ஒரு அளவுகோல் இருக்கிறது. எங்கள் பெரம்பலூர் பக்கத்து இரண்டு சம்பவங்களை வைத்து அதைச் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்று புழு. இன்னொன்று முட்டை, அதாவது முட்டையே இல்லாத முட்டை.

முதலில் புழு.

2018 மே மாதம் கர்நாடகாவில் சிவமொக்கா பக்கம் மக்காச்சோளத்தில் ஒரு புதுப் புழுவைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி அது. 2016-ல் ஆப்பிரிக்காவுக்குள் வந்து, இரண்டே வருஷத்தில் இந்தியாவைத் தொட்டுவிட்டது. அதன் தாய் அந்துப்பூச்சி காற்று வாக்கில் ஒரே ராத்திரியில் நூறு கிலோமீட்டர் வரை பறக்கக்கூடியது என்பதால் கர்நாடகாவிலிருந்து இங்கே வர அதற்குப் பெரிய சிரமம் இருந்திருக்காது. அந்த ஆகஸ்டிலேயே தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டது. மக்காச்சோளத்தில் மாநிலத்தின் முன்வரிசை மாவட்டம் பெரம்பலூர். வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர் பக்கமெல்லாம் பெரும்பாலும் மானாவாரி. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்தவர்கள் முளைத்த இருபதாம் நாளிலேயே குருத்தில் ஓட்டையைப் பார்த்தார்கள். அடுத்த வருஷ ஆரம்பத்தில் அரசு நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு அது போயிற்று.

அந்தச் சமயத்தில் வேப்பந்தட்டை பக்கத்தில் இருக்கும் என் மாமா போனில் கூப்பிட்டார். "மாப்ள, சோளத்துக் குருத்துல ஒரு புழு இருக்குடா. ஈரமான மரத்தூள் மாதிரி எச்சம் போட்டு வச்சிருக்கு. என்னான்னு நெட்ல பாரு." பார்த்தேன். அவர் சொன்ன வார்த்தைகளையே போட்டேன். 'குருத்து', 'புழு'. வந்ததெல்லாம் நெல். தமிழ் வேளாண் எழுத்தில் குருத்துப்பூச்சி என்றால் நெல்லின் தண்டுத் துளைப்பான். பல வருஷமாக அந்தப் பெயர் அதற்கே எழுதிவைத்த சொத்து. 'மக்காச்சோளம்' சேர்த்தால் மக்காச்சோளத்துக்கு ஏற்கெனவே இருந்த தண்டுத் துளைப்பான் வந்தது. அதுவும் குருத்தைத் தின்னும், அதுவும் ஓட்டை போடும். படித்துப் பார்த்தால் பொருத்தமாகவே இருந்தது. ஆனால் அது வேறு பூச்சி.

இன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்த 'படைப்புழு' என்ற பெயர் அன்றைக்கு எங்கள் ஊரில் யார் வாயிலும் இல்லை. இருந்திருந்தாலும் அந்தப் பெயரும் நெல்லைத் தின்னும் அதன் ஒன்றுவிட்ட சொந்தக்காரப் புழுவுக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தது. பருத்தி, நிலக்கடலை போடுகிறவர்களுக்கு 'புரோடீனியா' தெரியும். அது இந்தப் புழுவின் நெருங்கிய உறவு, ஒரே பேரினம். ஆக, ஊரில் வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. எல்லா வார்த்தையும் பக்கத்து வீட்டு விலாசமாக இருந்தது, அவ்வளவுதான்.

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. 1987-ல் ஜார்ஜ் ஃபர்னஸ், தாமஸ் லாண்டவர், லூயி கோமஸ், சூசன் டுமாய்ஸ் என்ற நான்கு ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு பேர் தானாக ஒரே பெயரைச் சொல்லும் வாய்ப்பு எவ்வளவு? நூற்றுக்கு இருபதுக்கும் கீழே. சமையல் குறிப்பு, கணினிக் கட்டளை, விற்பனைப் பொருள் என்று எதை எடுத்தாலும் இதே கதை. 'சொல்வளச் சிக்கல்' என்று அதைச் சொன்னார்கள். அதற்கும் முன்னால், 1980-ல், நிக்கோலஸ் பெல்கின் இன்னும் அடிப்படையான ஒன்றைச் சொன்னார். தேடி வருபவரின் அறிவில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதனால்தான் அவர் தேடவே வருகிறார். அந்த ஓட்டையின் வடிவத்தை வார்த்தையில் சொல்லு என்று அவரிடமே கேட்பது நியாயமில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். இதெல்லாம் ஆங்கிலத்தை வைத்துச் செய்த ஆராய்ச்சி. தமிழில் இதன் மேல் இன்னொரு சுமை ஏறும். மக்காச்சோளம், மக்காச்சோளத்தில், மக்காச்சோளத்துக்கு, வாயில் வெறும் 'சோளம்'. இதில் எதை அடிப்பது? அடிக்கப் பொறுமை இல்லாமல் மைக்கை அழுத்திப் பேசினால் அது என்ன புரிந்துகொள்ளும் என்பது அதன் இஷ்டம்.

மாமாவுக்குக் கடைசியில் வழி காட்டியது ஒரு வீடியோ. அவர் அதைத் தேடவில்லை. மக்காச்சோளம் சம்பந்தமாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது அடுத்ததாகத் தானே வந்தது. யாரோ ஒருவர் வயலில் குத்தவைத்து உட்கார்ந்து, குருத்தைப் பிளந்து, புழுவை எடுத்து உள்ளங்கையில் விடுகிறார். தலையில் ஒரு வெள்ளைக் கோடு. உண்டிக்கோல் கவட்டையைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி. பிறகு வால் பக்கம் காட்டுகிறார். சதுரத்தின் நாலு மூலை மாதிரி நாலு கரும்புள்ளி. இரண்டும் இருந்தால் இது அமெரிக்கப் படைப்புழு என்கிறார். மாமா வரப்பில் நின்றபடியே ஒரு புழுவை எடுத்துப் பார்த்துவிட்டார். மொத்தம் ஒன்றரை நிமிஷம்.

இங்கே நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். தேடல் பெட்டி பெயரைக் கேட்டுப் பொருளைக் காட்டும். வீடியோ பொருளைக் காட்டிப் பெயரைக் கொடுத்தது. கையில் பொருளை வைத்துக்கொண்டு பெயருக்குத் தவிக்கும் ஆளுக்கு இதுதான் சரியான திசை. அதோடு, எழுத்தில் கொண்டுவரவே முடியாத ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தது. மருந்தை மேலாக இலையில் அடித்துப் பிரயோசனமில்லை, பகலில் புழு குருத்துக்குள் பதுங்கிக் கிடக்கும், தெளிப்பானின் முனையை எந்தச் சாய்வில் பிடித்தால் குருத்துக்குள் இறங்கும் என்பதைக் கையால் செய்து காட்டினால்தான் விளங்கும். 'குருத்தில் நன்கு படுமாறு தெளிக்கவும்' என்று துண்டுப் பிரசுரத்தில் இருக்கும் நாலு வார்த்தைக்கும் அந்தக் கை அசைவுக்கும் உள்ள தூரம் ரொம்ப அதிகம்.

ஆகவே என் அளவுகோல் இது: வீடியோ முடிந்த பிறகு என் கையில் ஒரு பெயர் மிஞ்ச வேண்டும். அந்தப் பெயரைக் கொண்டு போய் நான் மற்ற இடங்களில் தேட முடிய வேண்டும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில், வாலிகண்டபுரம் வேளாண் அறிவியல் மையத்தில், மருந்துக்கடையில், பக்கத்து ஊர்க்காரரிடம். மாமா 'படைப்புழு' என்று சொன்ன மறு நிமிஷம் எனக்கு எல்லாம் வந்து விழுந்தது. கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு, வரப்போரம் தட்டைப்பயறு, எள் மாதிரி ஓரப்பயிர், தாய் அந்துப்பூச்சியைப் பிடிக்க இனக்கவர்ச்சிப் பொறி என்று. பெயர் கிடைக்காத வரை பூட்டியிருந்த அதே பக்கங்கள்தான் இவை.

இந்த ஏற்பாடு நம் ஊருக்குப் புதுசா என்றால், இல்லை. அறுபதுகளில் திருச்சி வானொலி ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைப் பற்றித் தொடர்ந்து பேசியது. தஞ்சாவூர் ஜில்லா விவசாயிகள் அதைக் கேட்டு விதைத்தார்கள். அந்த நெல்லுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரேடியோ நெல்'. யாரும் தேடிப்போகவில்லை, வேறு எதற்கோ திறந்து வைத்திருந்த பெட்டியிலிருந்து அது வந்தது. ஆனால் விதைக் கிடங்கில் போய்க் கேட்க ஒரு பெயர் இருந்தது, 'ரேடியோ நெல்' என்றாலும் 'ஏடிடி 27' என்றாலும் ஒரே மூட்டையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இப்போது மருந்துக்கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். செல்போனை நீட்டி, "அண்ணே, இதுல காட்டுறான் பாருங்க, இந்த டப்பா குடுங்க" என்பார்கள். டப்பாவின் நிறம்தான் அங்கே பெயர். அந்த டப்பா இல்லையென்றால் கடைக்காரர் "இதுவும் அதே மாதிரிதான்" என்று வேறொன்றைக் கொடுப்பார். மருந்தின் பெயர் தெரியாதவர் மறுத்துப் பேச முடியாது.

அளவிலும் இதே கோளாறுதான். படைப்புழுவுக்குப் பரிந்துரைத்த மருந்துகளில் ஒன்றான எமாமெக்டின் பென்சோயேட்டுக்கு லிட்டருக்கு 0.4 கிராம் என்று எழுத்தில் இருக்கிறது. பத்து லிட்டர் டேங்குக்கு 4 கிராம். வீடியோக்களில் இது 'ஒரு மூடி', 'ஒரு பாக்கெட்', 'கொஞ்சம் தூக்கலா' என்றெல்லாம் மாறும். யார் வீட்டு மூடி? செய்து காட்டுவதில் எழுத்தை ஜெயிக்கும் அதே வீடியோ, எண்ணைச் சொல்வதில் தோற்றுப்போகிறது. திரையில் இரண்டு விநாடி அந்த எண்ணை எழுதிக் காட்ட என்ன செலவு என்று எனக்கு விளங்கவே இல்லை.

இனி முட்டை.

2020 அக்டோபரில் குன்னத்தில் ஏரி மண் எடுத்த இடத்தில் பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. சில நாட்களில் அவை 'டைனோசர் முட்டை'யாகிவிட்டன. வாட்ஸ்அப், ஃபேஸ்புக், யூடியூப் எல்லாவற்றிலும் அதே காட்சி. ஆட்கள் வண்டி எடுத்துக்கொண்டு பார்க்கப் போனார்கள். நிலவியல் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு, இவை முட்டை இல்லை, அம்மோனைட் சம்பந்தப்பட்ட படிவ உருண்டைகள் என்றார்கள். கடலடிச் சேற்றில் செத்துப் புதைந்த ஒரு உயிரைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகி உருண்டையாகும். பல கோடி வருஷம் கழித்து மண்ணைத் தோண்டினால் முட்டை மாதிரியே கிடக்கும்.

இதுவும் தேடாமல் வந்த வீடியோதான். இதுவும் பொருளைக் காட்டி ஒரு பெயரைக் கொடுத்தது. தப்பான பெயர். புழு வீடியோவுக்கும் இதற்கும் உருவத்தில் வித்தியாசமே கிடையாது. இரண்டிலும் நம்ம ஊர் மண், நம்ம ஊர்ப் பேச்சு, கையில் ஒரு பொருள். வித்தியாசம் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல் நம்மை எங்கே கொண்டு போய் விடுகிறது என்பதில் இருக்கிறது.

'டைனோசர் முட்டை' என்று வைத்துக்கொண்டு மேலே தேடிப் பாருங்கள். அமெரிக்கா, மங்கோலியா, சினிமா. பெரம்பலூர் மண்ணைப் பற்றி ஒன்றும் கிடைக்காது. 'அம்மோனைட்' என்று வைத்துக்கொண்டு தேடினால் வேறு கதவு திறக்கும். சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் பிராணி அது. கணவாய், ஆக்டோபஸ் குடும்பம். கண்டகி நதியிலிருந்து வரும் சாளக்கிராமத்தில் நாம் சக்கரமாகப் பார்ப்பது அம்மோனைட்டின் சுருளைத்தான். ஆகவே ஏற்கெனவே ஒரு சொல் நம் பூஜை அறையிலேயே இருந்தது. அந்த உருண்டைகளைக் காட்டிய வீடியோ எதுவும் அதைத் தொட்டதாக எனக்குக் கண்ணில் படவில்லை. தொட்டிருந்தால் பாட்டிகளுக்குக்கூட ஒரு நொடியில் விளங்கியிருக்கும்.

அந்தக் கதவுக்குள் இன்னும் கொஞ்ச தூரம் போகலாம், ஏனென்றால் இங்கே இழந்தது என்ன என்று தெரிய வேண்டும். கடற்கரையே இல்லாத இந்த இரண்டு மாவட்டங்களும் கிரீத்தேசியக் காலத்தில் பெருமளவு கடலுக்கடியில் இருந்தவை. 1840-களின் தொடக்கத்திலேயே கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இந்தப் பக்கத்துப் படிவங்களைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் அவற்றை விவரித்து எழுதினார். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்ட் வந்து ஊர் ஊராக அளந்து 1862-ல் வெளியிட்ட அறிக்கைதான் இன்றைக்கும் அடித்தளம். பாறை அடுக்குகளை மூன்றாகப் பிரித்து அவர் வைத்த பெயர்கள்: ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். பாடாலூருக்குப் பக்கத்தில் இருக்கிற அதே ஊட்டத்தூர்தான். அந்தச் சின்ன ஊரின் பெயர் உலகம் முழுக்க நிலவியல் மாணவர்கள் படிக்கிற பெயர். அதற்கடுத்து ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இந்த அடுக்குகளின் சிப்பி, நத்தை, பவளம் என்று வரிசையாகத் தொகுதி தொகுதியாக எழுதிக் குவித்தார். இவ்வளவும் இப்போது இணையத்தில் கிடைக்கிறது. ஆனால் ஊட்டத்தூரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒருவர் ஒரு 'ட்' போடுவார், ஒருவர் ரெண்டு போடுவார், பழைய ஆள் நடுவில் ஒரு 'தூ'வை இழுப்பார். நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் தன் ஊர்ப் பெயரைத் தமிழில் போட்டுத் தேடினால் இதில் ஒன்றுமே வராது. இந்த இடத்தில் ஒரு வீடியோ எவ்வளவு உபகாரம் பண்ணியிருக்க முடியும்!

கொளக்காநத்தம் பக்கத்துக் காரைக்குப் போய் எடுத்த வீடியோக்களை வரிசையாகப் பார்த்தேன். மழைநீர் அறுத்து அறுத்துப் பள்ளம் பள்ளமாக்கிய செம்பழுப்புக் களிமண் மேடுகள். ட்ரோன் காட்சிகள் உண்மையிலேயே அற்புதம். பின்னணியில் மர்மப் பட இசை. தலைப்பில் டைனோசர். கீழே தரையில் மின்னுவதைக் காட்டி 'கண்ணாடி மாதிரி ஏதோ' என்பார்கள், அது ஜிப்சம். துப்பாக்கித் தோட்டா மாதிரி நீளமாக ஒன்றை எடுத்து 'ஏதோ பல் போல' என்று ஒருவர் சொன்னார். அது பெலம்னைட், கணவாய் மாதிரி ஒரு பிராணியின் உடம்புக்குள் இருந்த கெட்டியான பாகம். 'ஏதோ' என்ற சொல் வரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெயர் வந்திருக்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வீடியோக்களில் பாதிப் பேர் படிவத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். அதைப் பார்த்து அடுத்த வாரம் பத்துப் பேர் வருவார்கள். படிவம் கிடந்த அடுக்கை விட்டுப் பெயர்ந்துவிட்டால் அது அலமாரிக் கல்தான். சாத்தனூர் கல்மரம் தப்பியதற்கு ஒரு காரணம் அதை யாரும் பையில் போட முடியாது என்பது. 18 மீட்டர் நீளம். 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் அதை அறிவியல் உலகத்துக்குச் சொன்னார், பிற்பாடு வேலி போட்டுத் தேசிய நிலவியல் சின்னமாக்கினார்கள்.

டைனோசர் என்ற சொல்லே இந்தப் பக்கத்துக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. அரியலூர் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து யாதகிரியும் அய்யாசாமியும் 1987-ல் 'பிருகத்காயோசாரஸ்' என்ற டைனோசரை விவரித்தார்கள். பெரிய உடம்பு என்றே பெயர். அந்தக் கால் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர் நீளம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த எலும்புகள் பாதுகாப்பாக வந்து சேரவில்லை, நொறுங்கிப் போயின. கிட்டத்தட்ட உலகத்திலேயே பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கக்கூடிய ஒன்று நம் கையை விட்டுப் போன அந்தக் கதையை விட்டுவிட்டு, முட்டையே இல்லாத முட்டையைக் காட்டுகிறார்கள். சரக்கு இல்லாமல் சண்டை போடுகிறார்கள் என்றால் புரியும். சரக்கு இருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குச் சூதுவாது தேட வேண்டியதில்லை. 2012-லேயே யூடியூப் எத்தனை பேர் தட்டினார்கள் என்பதிலிருந்து எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்குத் தன் கணக்கை மாற்றியது. 2018-ல் அந்த நிறுவனத்தின் உயர் அதிகாரி நீல் மோகன், பார்க்கப்படும் நேரத்தில் எழுபது சதவீதத்துக்கு மேல் பரிந்துரை வழியாக வருவது என்று சொன்னார். ஆக, தேடாமல் கிடைப்பது என்பது தற்செயல் இல்லை. அதுதான் கடையின் பிரதான வியாபாரம். அந்த வியாபாரத்தில் பெயர் ஒரு இடைஞ்சல். பெயரைச் சொல்லிவிட்டால் பார்ப்பவர் வெளியே போய்த் தேட ஆரம்பித்துவிடுவார். 'ஏதோ மர்மம்' என்று விட்டால் அடுத்ததையும் பார்ப்பார். படைப்புழுவை ஒன்றரை நிமிஷத்தில் சொன்ன அந்த மனிதர் இந்தக் கணக்கில் தோற்றவர். 'ஒரே நாளில் புழு காலி' என்று பதினெட்டு நிமிஷம் இழுப்பவர் ஜெயித்தவர்.

பெயர் தெரிந்தவர்கள் பக்கம் திரும்பினால் அங்கே வேறு கூத்து. அரசுத் துறைகள், கல்லூரிகள் போடும் வீடியோக்களில் பெயர், அளவு, எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் முதல் ஆறு நிமிஷம் வரவேற்புரை. பிறகு பொன்னாடை. பிறகு மேடையில் ஒருவர் தாளைப் பார்த்து வாசிப்பார், பின்னால் திரையில் தெரியும் புழு மங்கலாக ஒரு கோடு. தலைப்பு, 'பயிற்சி முகாம் – பகுதி 3'. பெயர் தெரிந்தவர் புழுவைக் காட்டுவதில்லை. புழுவைக் காட்டுகிறவர் பெயரைச் சொல்வதில்லை. என் பெரிய புகார் இதுதான். இதில் முதல் கூட்டத்தின் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம், அவர்களுக்குச் சம்பளம் வருகிறது.

இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் உண்டு. 2006-ல் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் ரிக்கின் காந்தி தொடங்கிய 'டிஜிட்டல் கிரீன்' அந்த மாதிரி. உள்ளூர் விவசாயியே நடித்து, உள்ளூர்ப் பேச்சில் படமெடுத்து, ஊர்க் கூட்டத்தில் போட்டுக் காட்டுவார்கள். நடுநடுவே நிறுத்தி ஒருவர் கேள்வி கேட்பார். வழக்கமான விரிவாக்க முறையைவிடச் செலவழித்த பணத்துக்குப் பத்து மடங்கு பலன் என்று அவர்களுடைய ஆரம்ப ஆய்வு சொன்னது. காந்தி சொல்லும் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது: படம் பார்த்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, இந்த ஆள் பேர் என்ன, எந்த ஊர்? தொழில்நுட்பத்தைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான். அவர் மண் என் மண்ணா, அவர் சொன்னால் நான் நம்பலாமா என்பதற்கான சோதனை அது. யூடியூப்பில் வரும் மக்காச்சோள வீடியோ எந்த ஊர், எந்தப் பட்டம், எந்த வருஷம் என்று பெரும்பாலும் தெரியாது. 2018-ல் அவசரத்துக்குச் சொன்ன யோசனை இன்றைக்கும் புதுசு மாதிரி வந்து நிற்கும். பரிந்துரைக்கு வயசாவதில்லை.

படத்தை எடுத்துக் காட்டினால் பெயர் சொல்லும் செயலிகள் வந்துவிட்டனவே, கூகுள் லென்ஸ் இருக்கிறது, பயிருக்கென்றே பிளான்டிக்ஸ் இருக்கிறது, இனி வீடியோ எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் அது பெயரைச் சொல்லும்போது ஏன் அந்தப் பெயர் என்று காட்டாது. தலையில் கவட்டை, வாலில் நாலு புள்ளி என்று சொல்லிக் கொடுக்காது. புழு வீடியோவைப் பார்த்த மாமா அடுத்த வாரம் பக்கத்துக் கொல்லைக்காரருக்குப் புழுவைப் பிடித்துக் காட்டினார், அவர் இன்னொருவருக்கு. செயலி சொன்ன பெயரை அப்படிக் கைமாற்ற முடியாது.

செட்டிக்குளம் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிற ஒரு பெரியவரிடம் போன வருஷம் பேசிக்கொண்டிருந்தேன். வெங்காயத் தாள் முறுக்கிக்கொண்டு சுருளும் ஒரு நோயைப் பிரசுரங்களில் 'திருகல் நோய்' என்கிறார்கள். அவர் 'கோழிக்கால்' என்றார். தரையில் கிடக்கும் கோழிக்காலை நினைத்துக்கொண்டு பாத்தியைப் பார்த்தால் வேறு பெயர் வைக்கவே தோன்றாது. பெயரே ஒரு படம். அவர் எதிரிலேயே செல்போனில் 'கோழிக்கால்' என்று போட்டுக் காட்டினேன். வறுவல் எப்படிச் செய்வது என்று வந்தது. 'நோய்' சேர்த்தேன். கோழிக்கு வரும் நோய்கள் வந்தன. பெரியவர் சிரித்தார். பிறகு, "தம்பி, நீயே ஒண்ணு எடுத்துப் போடேன். நான் காட்டுறேன். கோழிக்கால்னும் சொல்லு, அவங்க சொல்ற பேரையும் சொல்லு" என்றார். பாத்தியில் இறங்கி ஒரு தாளைப் பிடுங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஐம்பது விநாடி. நோயின் இரண்டு பெயர்கள், ஊர், மாதம், விதைத்து எத்தனை நாள் என்பது. இதுவரை நூற்றுச் சொச்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.